துயரத்தை எங்கே உடைப்பது

கொஞ்சம் குனிந்து உட்கார்ந்தால் போதுமா, கைக்குட்டையையும் மடியில் வைத்துக்கொள்ள வேண்டுமா? எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். பால் எப்போது பொங்கும் என்று அடுப்புப் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல. பொங்காது. அடுப்பே பற்றவில்லை. இதை இவர்களிடம் எப்படிச் சொல்வது?

இப்படி நினைத்துக்கொண்டே அவள் முன்னால் இருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். அதையும் பக்கத்தில் தாளோடு உட்கார்ந்திருந்த சான்று அதிகாரி குறித்துக்கொண்டார்.

தங்கை செத்துப்போன பிறகு அவள் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அது. தங்கை தன் அலுவலகப் படியில் ஏறும்போது மயங்கி விழுந்திருந்தாள். மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அக்கா அழவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை. வீட்டில் யாரோ அவள் கையில் சூடான காபியைக் கொடுத்தார்கள். விரல் சிவந்து போனதைப் பார்த்துத்தான் அது சூடு என்று தெரிந்துகொண்டாள்.

அவள் வேலை பார்த்தது சொற்பொருள் வாரியத்தில். ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் நம் மொழியில் பொருள் சொல்லும் பேரகராதி ஒன்றை அந்த வாரியம் பல காலமாகத் தயாரித்து வந்தது. அவள் அச்சுப் பிழை பார்ப்பவள். சாதாரணமாக அவளைக் கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். இன்று கூப்பிட்டு, தலைவருக்கு எதிரே நாற்காலியும் போட்டிருந்தார்கள்.

செயலர் எழுந்தார்.

"அம்மா, உங்க இழப்பு எங்க இழப்பு. அதைச் சொல்லிட்டு நேரா விஷயத்துக்கு வரேன். 'சாரோ'ங்கிற சொல் ரொம்ப நாளா நம்மகிட்ட நிலுவையில இருக்கு. துயரம்னு அர்த்தம். சாட்சி கிடைக்காம அப்படியே நிக்குது. போன வருஷம் ஒருத்தருக்கு மாமியார் இறந்தாங்க. ஆனா அவர் விடுப்பு முடிஞ்சு வந்தப்ப ஒரு சுத்து பெருத்து வந்தார், குழு ஏத்துக்கல. இப்ப நீங்க. சொந்தத் தங்கச்சி. எதிர்பாராத மரணம். இதைவிடத் தகுதி என்ன வேணும்?"

சுற்றிலும் தலைகள் ஆடின. யாரோ கைதட்டப் போய், பக்கத்திலிருந்தவர் முறைத்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

வாரியத்தில் சாட்சி என்ற ஏற்பாடு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. முன்பெல்லாம் எடுத்துக்காட்டு வாக்கியங்களை அவர்களே உட்கார்ந்து கற்பனை செய்தார்கள். அரசன் மகிழ்ந்தான், அரசன் வருந்தினான், அரசன் பொறாமை கொண்டான் என்று பக்கத்துக்குப் பக்கம் வந்தது. ஒரு வாசகர், "இந்த அரசனுக்கு ஆட்சி செய்ய நேரமே கிடைக்காதா?" என்று கேட்டு எழுதிவிட்டார். உடனே விதி மாறியது. உணர்ச்சியைக் குறிக்கும் சொல் என்றால், எடுத்துக்காட்டு வாக்கியம் உண்மையான ஒருவர் உண்மையான இன்னொருவரிடம் சொன்னதாக இருக்க வேண்டும். சொன்னவரோ கேட்டவரோ குழுவின் முன் வந்து அதைச் சொல்ல வேண்டும். குழு கேட்டு, தலையாட்டி, முத்திரை குத்தும். செலவு மிச்சம் என்று சாட்சிகளை ஊழியர்களிடமிருந்தே பிடித்தார்கள்.

பயத்துக்கு வாயில் காவலாளி கிடைத்தார். அவரைத் தெருநாய் ஒன்று துரத்தியிருந்தது. பொறாமைக்கு ஏராளமான பேர் முன்வந்தார்கள். அவர்களில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் புதிதாகக் கிளம்பிய பொறாமையால் அந்தப் பக்கம் இன்னும் முடியவில்லை. மகிழ்ச்சிக்குத்தான் ஆளே இல்லை. கடைசியில் ஓய்வு பெறவிருந்த கணக்கர் ஒருவருக்காகக் காத்திருந்து, அவர் கடைசி நாள் மாலையில் வாசலைத் தாண்டும்போது சொன்னதை ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்கள்.

துயரத்துக்கு ஆங்கிலத்தில் இன்னொரு சொல்லும் உண்டு, 'கிரீஃப்'. அதை ஏற்கெனவே தள்ளி வைத்துவிட்டார்கள். அது ஒரே மூச்சில் முடிகிற சொல். வரி முடிவில் இடம் போதாவிட்டால் அதை இரண்டாக உடைக்க முடியாது. உடைக்க முடியாத சொல்லில் உடைப்புப் பிரிவுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத தாளில் அந்தப் பிரிவு கையெழுத்துப் போடாது. கையெழுத்து இல்லாத சொல் அச்சுக்குப் போகாது.

உடைப்புப் பிரிவின் தலைவரைக் கோடு சார் என்பார்கள். வரி முடிவில் சொல் உடையும் இடத்தில் ஒரு சின்னக் கோடு போடுவது அவர் வேலை. சர்வீஸ் முழுக்க அதைத்தான் போட்டார். இப்போது அவர் எழுந்தார்.

"சாரோவுக்கு நடுவுல ரெண்டு ஆர் இருக்கு. ஒரு ஆர் மேல் வரியில, ஒரு ஆர் கீழ் வரியில. நடுவுல என் கோடு. இதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனா அந்த வரி பக்கத்தோட கடைசி வரியா வந்துட்டா?"

"மிச்சத்தை அடுத்த பக்கத்துல போடுங்க" என்றார் பொருள் மேடம். சொற்களுக்கு அர்த்தம் எழுதுவது அவர் பிரிவு.

"எவ்வளவு சுளுவா சொல்றீங்க மேடம்! பாதித் துயரத்தோட ஒருத்தன் பக்கத்தைத் திருப்பணும். காத்துல ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டுத் திரும்பிட்டா? மிச்சப் பாதிக்கு அவன் எங்கே போவான்?"

"அப்ப உடைக்காதீங்க."

"உடைக்காதீங்களா? என் பிரிவை மூடச் சொல்றீங்களா?"

தலைவர் கையை உயர்த்தினார். அறை அடங்கியது.

"துயரம்னா ஒரே பக்கத்துல முடியணும்" என்றார் தலைவர். "நான் என் அனுபவத்தைச் சொல்றேன். என் அப்பா இறந்த அன்னைக்குக் காலையில அடக்கம். மத்தியானம் பட்ஜெட் கூட்டம். போய் உட்கார்ந்துட்டேன். அப்ப எடுத்த படம் வரவேற்பறையில மாட்டியிருக்கு, எல்லாரும் பார்த்திருப்பீங்க. சிரிச்ச மாதிரி இருக்கும். சிரிப்பு இல்ல அது, கடமை. என் பசங்களுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன். நாளைக்கு நான் போனாலும் அவனுங்க ஒரு நிமிஷம்கூட வீணாக்க மாட்டானுங்க. அந்த நம்பிக்கை எனக்கு இருக்கு."

கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அவர் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. இங்கே நீங்கதான் அனுபவசாலி. எங்கே உடையுது?"

"தெரியல சார்" என்றாள்.

அன்றைய நடவடிக்கைக் குறிப்பில், 'சாட்சி தெரியவில்லை என்றார். குரல் தெளிவாக இருந்தது' என்று பதிவாகியது. தெளிவான குரல்தான் சிக்கலாகிவிட்டது.

பொருள் மேடம் சாரோவுக்கு மூன்று பொருள் எழுதி வைத்திருந்தார். முதலாவது, இழப்பினால் உண்டாகும் ஆழ்ந்த வருத்தம், கண்ணீருடன். இரண்டாவது, அதே வருத்தம், கண்ணீர் இல்லாமல், பெருமூச்சுடன். மூன்றாவது, நாலு பேர் முன்னிலையில் காட்டப்படும் வருத்தம். சாட்சி இவற்றில் எந்தப் பொருளைச் சேர்ந்தவர் என்று உறுதியாகாமல் வாக்கியத்தை எந்த எண்ணின் கீழ் போடுவது? ஆகவே மறுநாள் மதியம் பொருள் மேடம் ஒரு நாற்காலியை இழுத்து வந்து அவள் மேசைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். கையில் டீ, மடியில் தாள்.

அவள் தலையைக் குனிந்து பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தது. அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. விட்டுப்போன புள்ளியைப் போட முடிந்தது. இதெல்லாம் முடிகிறதே என்பதுதான் அவளுக்கு ஆச்சரியம். காலை மடக்கி ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்தால் கால் நம்முடையதாக இருக்காது. கிள்ளினால் வேறு யாரையோ கிள்ளுவது போலிருக்கும். அவளுக்கு இப்போது மொத்த உடம்பும் அப்படி. கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் ஓடத் தொடங்கும்போது ஊசி ஊசியாகக் குத்தும் என்பது தெரியும். அந்தக் குத்தலுக்காகக் காத்திருக்கிறாளா, அதற்குப் பயந்துதான் அசையாமல் இருக்கிறாளா என்பது தெரியவில்லை.

"இப்ப பெருமூச்சு விட்டீங்களா?" என்றார் பொருள் மேடம்.

"இல்ல மேடம். தும்மல் வந்து நின்னுடுச்சு."

"ஓ." தாளில் எழுதப்போன பேனா நின்றது. "எதையாவது நெனச்சுப் பாருங்களேன். சின்ன வயசுல ரெண்டு பேரும் சண்டை போட்டது, ஒரே போர்வைக்கு இழுத்துக்கிட்டது..."

"நெனச்சேன் மேடம்."

"ஒண்ணும் வரலையா?"

"தூக்கம் வருது."

பொருள் மேடம் டீயை வைத்தார். "எனக்கெல்லாம் அப்படி இல்லம்மா. நெனச்சாலே போதும், வந்துடும். என் பையன் இருக்கானே, வெளியூர்ல. போன வருஷம் பேசினான், அப்புறம் பேசவே இல்ல. நான் போன் போட்டா எடுக்க மாட்டான். அவன் பொண்டாட்டி எடுத்து, 'அவர் குளிக்கிறாரு அத்தை'ம்பா. எப்பப் போட்டாலும் குளிக்கிறான். அப்படி என்னம்மா அழுக்கு?" சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறியது. தோள் குலுங்கியது. மூக்கு சிவந்தது. அவள் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். நல்லவேளை, அது காய்ந்துதான் இருந்தது.

"மேடம், நீங்களே சாட்சி சொல்லலாமே."

"எனக்கு எப்படிம்மா?" என்று மூக்கைச் சிந்தினார் பொருள் மேடம். "அவன் உயிரோடதானே இருக்கான். விதிப்படி இழப்பு முழுசா இருக்கணும். நானே எழுதின விதி." கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை நேராக்கி, 'கண்ணீர்: இல்லை. பெருமூச்சு: இல்லை' என்று எழுதினார். கைக்குட்டையைத் துவைத்துத் தருவதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று பொருளிலும் அடங்காத சாட்சியை என்ன செய்வது என்று பிரிவுகளுக்குள் தாள்கள் போய் வந்தன. இதற்கிடையில், அவள் பக்கத்து மேசை டைப்பிஸ்ட் வாயைவிட்டாள். அந்தப் பெண் நல்லவள்தான்; வாயில் மட்டும் எதுவும் தங்காது. தங்கை இறந்த அன்று காலையில் அவளிடமிருந்து அக்காவுக்குப் போன் வந்ததையும், அக்கா அதை எடுத்துப் பேசி வைத்ததையும் அந்தப் பெண் பார்த்திருந்தாள். அதை யாரிடமோ சொன்னாள். அது சான்று அதிகாரியின் காதுக்குப் போனது. அவர் பெரிய புதையலைத் தோண்டியவர்போல ஓடி வந்தார்.

"ஏம்மா, இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? கடைசிப் பேச்சு! இறந்தவங்க கடைசியா சொன்ன வாக்கியத்துக்கு நம்ம விதியில தனி அந்தஸ்து. எண்ணெல்லாம் பார்க்க வேண்டாம், மூணு பொருளுக்கும் பொதுவா, தடிமனான எழுத்துல போடலாம். என்ன சொன்னாங்க?"

அவள் பேனாவை அடுத்த வரிக்கு நகர்த்தினாள்.

"இப்ப என்கிட்ட சொல்ல வேண்டாம். குழு முன்னாடிதான் சொல்லணும். பேரெல்லாம் வராது, பயப்படாதீங்க. 'ஒரு பெண் தன் அக்காவிடம்' அப்படின்னுதான் போடுவோம். வாக்கியம் ரொம்ப சாதாரணமா இருந்தாலும் கவலை இல்ல. குழு லேசா மெருகேத்தும். நம்ம காவலாளி சொன்னது வெறும் 'ஐயோ, நாய்'தானே? குழு அதை 'அந்தோ, கொடிய விலங்கே' ஆக்குச்சு. கேட்டப்ப அவருக்கே மெய்சிலிர்த்துடுச்சு."

"அவர் சொன்னது?"

"எது?"

"ஐயோ, நாய்."

"அது வாரியத்தோட சொத்தும்மா. மூலம் நம்ம பாதுகாப்பு அறையில இருக்கு. முத்திரை விழுந்த வாக்கியத்தை அனுமதியில்லாம வெளியில யாரும் சொல்லக் கூடாது. காவலாளி ரொம்ப ஒழுங்கு. போன வாரம் திரும்பவும் அந்த நாய் துரத்துச்சு, பாத்திருப்பீங்க. வாயே திறக்கல. சத்தமில்லாம ஓடினார்."

மாலையில் செயலர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். குழு மறுநாளே கூடுகிறது என்றார். அவள் ஒப்பந்த ஊழியர் என்பதை நினைவுபடுத்தினார். "உங்க பணி நீட்டிப்பு பைல் என் மேசையிலதான் இருக்கு. அதுக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. சும்மா கண்ணுல பட்டுச்சு, சொன்னேன்." பைலைக் கொஞ்சம் நகர்த்தி, இன்னும் நன்றாகக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தார்.

வீட்டில் அம்மா விளக்குப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தங்கை போன பிறகு வீட்டில் இருவர்தான். அவள் சம்பளம்தான் வாடகைக்கும் அம்மாவின் மருந்துக்கும். அம்மா தினமும் கேட்கும் கேள்வியை அன்றும் கேட்டாள்.

"காலையில உனக்குப் போன் பண்ணாளே. என்னடி சொன்னா?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கு யாராவது போன் பண்ணுவாங்களா?"

தினமும் இந்த இடத்தில் அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். அம்மாவிடம் மறைக்க அதில் எதுவும் இல்லை. ஒரே ஒரு வாக்கியம். அவளிடம் மட்டும் இருப்பது. எடுத்துக் கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று ஒரு பயம், அவ்வளவுதான். இன்று எழவில்லை. நாளைக்கு அது குழுவிடம் போகிறது. அதற்கு முன் அம்மா அதைக் கேட்காமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியது.

"என் செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டியே, இப்ப உன்னுதைப் போட்டுக்கிட்டு வந்திருக்கேன், கடிக்குது, திருடி. அவ்வளவுதாம்மா. வச்சுட்டா."

அம்மாவின் வயிறு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தாள் மகள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல், வாயைப் பொத்திக்கொண்டு.

"திருடியா? அவ சொல்றாளா? உன் தாவணியிலேருந்து உன் ரிப்பன் வரைக்கும் அவதானே எடுத்தா? கழுதை!" கண்ணைத் துடைத்தாள். "கடிச்சிருக்கும்டி. உன் கால் சின்னது."

"ம்."

சிரிப்பு அடங்கியதும் அம்மா சுவரைப் பார்த்தாள். "ரொம்ப நேரம் கடிச்சிருக்குமோ?"

"இல்லம்மா. பஸ்ல உட்கார்ந்ததும் கழட்டிடுவா."

"ஆமா, கழட்டிடுவா" என்றாள் அம்மா. அதையே இன்னொரு தடவையும் சொல்லிக்கொண்டாள்.

அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தீர்ந்துவிடவில்லை. உள்ளே தேடிப் பார்த்தாள். வாக்கியம் அதே இடத்தில், அதே குரலில் இருந்தது. ஒரு விரல் நுனியில் மட்டும் லேசாக ஊசி குத்துவது போலிருந்தது. உடனே நின்றுவிட்டது.

"இதை ஆபீஸ்ல கேக்கறாங்கம்மா. அகராதியில போடறாங்களாம்."

"எதை? செருப்பு கடிச்சதையா?"

"கொஞ்சம் மாத்திப் போடுவாங்க."

"எப்படி மாத்துவாங்க?"

"'சோதரி, என் பாதங்கள் வருந்துகின்றன', அந்த மாதிரி."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அவ பாதம்னு சொல்லி நீ கேட்டிருக்கியா? எதுக்கு இதெல்லாம் அவங்களுக்கு?"

"குடுக்கலைன்னா வேலை நிக்குமோ என்னமோ."

அம்மா முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். "வேலையைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நீதான் பாக்கற. ஆனா அவ உன்னைத்தானேடி திட்டினா, ஊரையா திட்டினா?" என்றவள், எழுந்து போய் விளக்கைப் போட்டாள்.

மறுநாள் கூட்ட அறையில் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. முத்திரையும் மைப்பெட்டியும் தயாராக இருந்தன. டைப்பிஸ்ட் இயந்திரத்தில் விரலை வைத்துக்கொண்டு அவள் கண்ணைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். கோடு சார், வாக்கியம் நீளமாக இருந்தால் எங்கெங்கே உடைக்கலாம் என்று பார்க்க அளவுகோல் கொண்டுவந்திருந்தார். வாசலில் காவலாளி ஊமைபோல் நின்றார்.

தலைவர் பேசினார். "இந்த நாள் வாரிய வரலாற்றில் முக்கியமான நாள். துயரத்தை மக்கள் இத்தனை காலம் முறையில்லாம பட்டுக்கிட்டிருந்தாங்க. ஆளாளுக்கு ஒரு விதமா, நேரங்காலம் இல்லாம. இனிமே யாருக்குத் துயரம் வந்தாலும், நம்ம பக்கத்தைத் திறந்து, சரியா இருக்கான்னு ஒத்துப் பாத்துக்கலாம். சரியா இல்லைன்னா திருத்திக்கலாம்." கைதட்டல். "சாட்சி பேசலாம்."

செயலர் மைக்கை அவள் முன் நகர்த்தினார். எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள்.

"நான் சொல்லல சார்" என்றாள்.

"சத்தமா சொல்லுங்க."

"சொல்லலன்னு சொன்னேன் சார்."

சான்று அதிகாரி பாய்ந்தார்: "துயரத்தால சாட்சிக்குத் தொண்டை அடைச்சிருச்சு. அப்படியே எழுதிக்கலாம், முதல் பொருளுக்கே போயிடும்."

"தொண்டை அடைக்கல சார். நல்லாத்தான் இருக்கு."

"அப்ப மறந்துட்டீங்களா?" என்றார் பொருள் மேடம். கேள்வி கொஞ்சம் மெதுவாக வந்தது.

"இல்ல மேடம். ஞாபகம் இருக்கு."

"ஞாபகம் இருக்கு, பேச முடியுது, ஆனா சொல்ல மாட்டீங்க" என்று தலைவர் ஒவ்வொன்றாக அடுக்கினார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "இது எந்தப் பொருள்ல வரும்?"

பொருள் மேடம் தாளைப் புரட்டினார். பிறகு புரட்டுவதை நிறுத்திவிட்டார். "எதிலயும் வராது சார்."

"பக்கத்துல அந்த இடம் காலியா நிக்குமேம்மா" என்றார் கோடு சார், கெஞ்சுவதுபோல. "காலி இடத்தை நான் எங்கே உடைக்கிறது?"

செயலர் கையில் கொண்டுவந்திருந்த பைலை மேசையில் வைத்தார். அவள் பார்க்கும்படி வைத்தார். அவள் பார்த்தாள். மேலட்டையில் தன் பதவி சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பழக்கத்தில் கண் ஓடியது. சரியாகத்தான் இருந்தது.

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் செயலர். "ஒரே வரிதானே? இவ்வளவு பேர் காத்துக்கிட்டிருக்காங்க. காதுல விழற மாதிரி மெதுவா சொன்னாக்கூடப் போதும்."

"எங்கிட்ட சொன்னது சார் அது" என்றாள்.

குரல் அதே தெளிவோடுதான் இருந்தது. டைப்பிஸ்ட் விரல்களை இயந்திரத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்து, வெள்ளைத் துணி சுருங்காமல், மெல்ல நகர்த்தித் தலைவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.